சம்பந்தி தந்த பாட்டில்

ஆப்பிள் சாறும் ஆரஞ்சுத் தோலும் பட்டையும் கொதித்து மணந்த பாத்திரத்தை இறக்கி, விஸ்கி பாட்டிலை அதில் அப்படியே கவிழ்த்தாள் மருமகள்.

பார்த்துக்கொண்டே அடுக்களைக்குள் வந்த மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்திக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"பதினெட்டு வருஷம் பீப்பாயில ஊறின சரக்கு. உன் கல்யாணத்துக்கு உங்கப்பா ஆசையா கொடுத்தது. அவரோட உக்காந்துதான் திறக்கணும்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். அதைப் பழரசத்துல ஊத்திட்டியே. ஹோட்டல் பார்ல வேலை பாக்குற திமிரா?"

"குளிருக்குச் சூடா குடிச்சா இதமா இருக்கும் மாமா."

"இதமாம். இனிமே அவர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

அவள் அதை ஒரு கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்த் தன் அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினார்.

"விடுங்க சம்பந்தி. பிரமாதமா இருக்கு. உசந்த சரக்குன்னா எதுல கலந்தாலும் தெரியும்."

"அவர் பெரிய மனுஷன், பொறுத்துக்கிட்டார். நானா இருந்தா நடக்கிறதே வேற" என்று அடுக்களைக்குத் திரும்பியவளிடம் மறுபடி ஆரம்பித்தார் மாமனார்.

மருமகள் காலி பாட்டிலை மேடைமேல் ணங்கென்று வைத்தாள். குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"மூடியைத் திறந்ததுமே மட்டச் சரக்குன்னு மூக்குக்குத் தெரிஞ்சுபோச்சு மாமா. அப்படியே ஊத்திக் கொடுத்திருந்தா அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும். அசலை எப்பவோ குடிச்சு முடிச்சிட்டீங்க, சரி. கண்டதை ரொப்பி வெக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"