அண்ணன் வேலையும் சேர்த்து

சிவப்பு நிறப் பெரிய பட்டத்தை நடுப்பட்டம் கடைசியாக உயிரோடு பார்த்தது, காற்று மிகவும் மந்தமாக இருந்த ஒரு காலையில். அப்போதும் அது கடலுக்கு மேல் அங்குமிங்கும் ஓடாமல் நின்றபடி, அலைமேல் பலகையில் சறுக்கிய ஜெரோனை நிதானமாக இழுத்துக்கொண்டு போனது.

கரைக்கு வந்ததும் ஜெரோன் தன் மூன்று பட்டங்களையும் மணலில் விரித்தான். தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் புதுப் பலகை வாங்கியதில் அவன் கை காலியாகியிருந்தது.

"இந்தப் பலகைக்கு லேசா இழுத்தாலே போதுமாம். மூணு பேரை வச்சுப் பராமரிக்க எனக்குக் கட்டாது. ஒருத்தர் போகணும்," என்றான்.

"புயல் மாதிரி அடிச்சா நான்தான் வேணும்," என்றது சின்னப் பட்டம்.

"மந்தக் காத்துல அண்ணன் பார்க்கிற வேலையையும் நானே பார்த்துக்கிறேன்," என்று நடுப்பட்டம் அவசரமாகச் சொல்லிவிட்டது.

பெரிய பட்டம் கோபப்படவில்லை. "தாராளமா பாரு தம்பி. நான் நின்ன இடத்துல நின்னு செஞ்சதை நீ ஓடி ஓடிச் செய்யணும். அவ்வளவுதான்," என்றது.

அந்தப் பழைய பட்டத்தை வாங்க ஆள் கிடைக்கவில்லை. ஒட்டுப்போட உதவுமென்று கொஞ்சம் துணியை வெட்டி வைத்துக்கொண்டு, மீதியை ஜெரோன் குப்பையில் போட்டான்.

அதன்பின் மந்தமான காற்றிலும் நடுப்பட்டம்தான் போனது. கடலில் விழுந்துவிடாமல் இருக்க மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒருநாளாவது முடியலேன்னு சொல்லேன் அண்ணே," என்றது சின்னப் பட்டம்.

"பார்த்துக்கிறேன்னு சொன்ன வாய்டா இது."

மழைக்காலத்துக்கு முன் நடுப்பட்டத்தின் தோள் கிழிந்தது. ஜெரோன் சிவப்புத் துணியை வைத்துத் தைத்தான். பெரிய பட்டத்தில் இப்போது மிச்சமிருப்பது உள்ளங்கை அகலமுள்ள அந்த ஒட்டுத்துணிதான்.