இறங்க வேண்டிய தொனி

சீனாவின் நிங்போ நகரத்திலிருந்து இயந்திரம் பொருத்த வந்த லின் யுவேயும், திருப்பூர் பின்னலாடை ஆலையின் ஃபிட்டர் நல்லசிவமும் ஒரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிய, பேச்சை மொழிபெயர்க்கும் பட்டை இருவரையும் பிழையில்லாமல் பேசவைத்தது. ஆனால் கல்யாணப் பேச்சை மட்டும் தன் வாயாலேயே, சீனத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று நல்லசிவத்துக்கு ஆசை. "உங்களை ஒண்ணு கேக்கணும்" என்ற ஒரே வாக்கியத்தை நாற்பது நாள் குளியலறையில் கத்திக் கத்திப் படித்தான்.

அவள் ஊர் திரும்பும் நாளில், கோவை விமான நிலைய வாசலில் பட்டையைப் பிய்த்தெடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொன்னான்.

சீனத்தில் கேட்பதும் முத்தமிடுவதும் ஏறக்குறைய ஒரே ஓசை. தொனி சட்டென்று இறங்கினால் கேள்வி, வளைந்து ஏறினால் முத்தம். நல்லசிவத்துக்குப் பதற்றத்தில் ஏறிவிட்டது.

லின் யுவே பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற சீனத் தம்பதி கைதட்டினார்கள்.

"ஏனுங்க, தப்பாச் சொல்லிப்போட்டனா?"

அவளும் தன் பட்டையை உரித்தாள். தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்: "முத்தம் பொறவு. முதல்ல... கேளுங்கோ."

கற்ற சீனமெல்லாம் அவனுக்கு மறந்துபோனது. "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"சரிங்கோ!"

அவள் பெயரை ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் அழைத்தது. இருவர் காதிலும் விழவில்லை. விமானம் பார்த்துப் பார்த்துக் கிளம்பிப் போய்விட்டது.