ஆறாவது கிரகணம்

"நாளைக்குக் கிரகணம்! புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க யாரும் லயத்து வீட்டைவிட்டு வெளிய வரக் கூடாது!"

காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில் கோயில் பூசாரி ஆண்டியப்பன் வந்து உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் முத்துலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருஷத்தில் இது ஆறாவது கிரகணம்!

பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனார்.

"பூசாரியாரே, இந்த வருஷம் நாலே நாலு கிரகணம். அதுல ரெண்டு நம்ம நாட்டுலயே தெரியாது. நாலும் முடிஞ்சு போச்சு. நாளைக்கு வர்றது எங்கேருந்து வருது?"

ஆண்டியப்பன் விளக்கைத் துடைத்துக்கொண்டே, "வருதுங்க மாஸ்டர். நீங்க பாக்குற பஞ்சாங்கம் வேற" என்றார்.

"ரஷ்யாக்காரன் நாயை ஏத்தி வானத்தைச் சுத்தவிட்டிருக்கான். நீங்க இன்னும் பாம்பு முழுங்குதுன்னு பயங்காட்டுறீங்க. கிரகணம்னா வெறும் நிழல்!"

"நிழல்னா நல்லதுதானுங்களே."

பூசாரி சிரித்த சிரிப்பு முத்துலிங்கத்துக்குத் திமிராகப் பட்டது. பெரிய பங்களாவுக்கு நடையைக் கட்டினார்.

தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வெள்ளைக்காரர். கிரகணத்தன்று கர்ப்பிணிகளை மலைக்கு அனுப்ப வேண்டாம் என்று அவர்தான் சம்மதித்திருந்தார். சாமி விஷயத்தில் வீண் கலகம் எதற்கு என்ற எண்ணம். முத்துலிங்கம் சூரியன், சந்திரன், பூமி மூன்றையும் படம் போட்டுக் காட்டி, இந்த வருஷம் நாலே கிரகணம்தான் என்று விளக்கியதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்னையே முட்டாளாக்கியிருக்கிறான்! நன்றி மாஸ்டர். இந்த மூடநம்பிக்கையெல்லாம் இனி என் தோட்டத்தில் நடக்காது."

கிரகண லீவு அன்றோடு ஒழிந்தது. முத்துலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, விஞ்ஞானத்தின் வெற்றியைப் பற்றி நான்காம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் பேசினார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், மலைச்சரிவில் பேச்சியம்மாவைப் பார்த்தார். எட்டு மாத வயிறு. முதுகில் கொழுந்துக் கூடை. நாலு எட்டு ஏறுவதும் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுமாக இருந்தாள்.

"என்னம்மா, முடியலையா?"

"இன்னைக்கு லயத்துலேயே கெடக்கலாம்னு இருந்தேனுங்க மாஸ்டர். லீவு இல்லைன்னுட்டாங்க. போன வருஷம் இந்த ஏத்தத்துலதான் வயித்துல இருந்தது போயிருச்சு. இதுவாச்சும் தங்கணும்."

முத்துலிங்கத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கால்கள் தாமாகக் கோயில் பக்கம் திரும்பின.

"பூசாரியாரே, உண்மையைச் சொல்லுங்க. அந்த ஆறாவது கிரகணம்..."

"நான்தாங்க வரவச்சேன்" என்றார் ஆண்டியப்பன். "புள்ளத்தாச்சிக்கு முடியலைன்னா ஒரு நாள் லீவு குடுங்கன்னு தொரைகிட்ட எத்தனையோ வாட்டி கேட்டுப் பாத்தோம். கடைசி மாசந்தான் லீவு, அதுதான் சட்டம்னுட்டாரு. சாமி பேரைச் சொன்னேன், குடுத்தாரு. அதுக்கப்புறம் எவளுக்காச்சும் முடியலைன்னு மருத்துவச்சி வந்து சொன்னா, மறுநாளே கிரகணம் வந்துருமுங்க."

"பொய் சொன்னா சாமி குத்தம் இல்லையா?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்குவேன். தொரைகிட்ட இனிமே யாரு சொல்றது?"

முத்துலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. படித்த படிப்பெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைக்காரியின் ஒரு நாள் ஓய்வைப் பிடுங்கத்தானா பயன்பட்டது?

அடுத்த நாள் காலையிலேயே பெரிய பங்களா வாசலில் போய் நின்றார்.

"சார், நான் சொன்னதில் ஒரு பிழை. நிழலால் ஆபத்தில்லை. ஆபத்து கதிர்களால்தான்."

"கதிர்களா?"

"கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் சார். எக்ஸ்ரே மாதிரி. விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது. உயரமான மலைகளில் அதிகமாக விழுமாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாதாம்."

சொல்லும்போதே வாய் கூசியது. எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டால் தொலைந்தோம் என்று பயந்தார். துரை கேட்கவே இல்லை. சாமி என்றால் சிரிக்கிற மனிதர், விஞ்ஞானம் என்றதும் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"எந்தெந்த நாட்களில் விழும்?"

"அதைச் சரியாகச் சொல்ல முடியாது சார். ஏழாம் மாதத்திலிருந்து மலைக்கே போகாமலிருந்தால் நல்லது."

துரை அங்கேயே துண்டுச் சீட்டு எழுதி, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு அனுப்பினார். பத்து மணிக்கெல்லாம் பேச்சியம்மா கூடையை இறக்கிவிட்டு லயத்துக்குப் போய்விடுவாள்.

ஒரு பொய்யை ஒழிக்கப் போய், அதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தலோடு முத்துலிங்கம் படியிறங்கினார். இத்தனை படித்த துரை இதை எப்படித்தான் நம்பினாரோ என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அப்போது பங்களாவுக்குள் துரை சமையல்காரரைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது.

"அப்பு! துரைசாணி ரூம் ஜன்னல் எல்லாம் சீக்கிரம் மூடு! வெளியே விடாதே!"

துரையின் மனைவிக்கு அது ஐந்தாம் மாதம்.