டெஸ்ட் மெசேஜ்

திங்கட்கிழமை காலை, கண்ணாடித் தடுப்புக்கு அடியில் இருந்த சந்து வழியாக சசிரேகா தன் போனை நீட்டினாள்.

'உங்கள் ஒப்பந்தம் முடிந்தது. திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாம்.'

பிரவீன்குமார் படித்தான். அந்த வாசகத்தை எழுதியதே அவன்தான்.

ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த அலுவலகம் அது. ஆளை நிறுத்துவது அங்கே இப்படித்தான். ஒரு மெசேஜ், அவ்வளவு. வந்தவுடன் ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

வருகைப் பதிவு, பஸ் பாஸ், இந்த மெசேஜ் எல்லாமே ஒரே வெப்சைட். அதைப் பராமரிப்பது பிரவீன்குமார். நேராக நோண்டப் பயந்துதான், வெள்ளிக்கிழமை தன் லேப்டாப்பில் டாக்கர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டான். வெப்சைட்டின் நகல் தனிப் பெட்டிக்குள் ஓடும். உள்ளே எதைப் போட்டு உடைத்தாலும் வெளியே ஒரு துரும்பும் அசையாது. அப்படித்தான் நம்பினான் அந்த மகராசன்.

ஆனால் சர்வரில் இருந்த செட்டிங் ஃபைலை ஒரு வரி மாற்றாமல் உள்ளே போட்டிருக்கிறான். எஸ்எம்எஸ் கணக்கின் பாஸ்வேர்டும் அதிலேயே இருந்து தொலைத்தது. பெட்டிக்குள் அனுப்பிப் பார்த்த மெசேஜ் நிஜ போனுக்கே போய்விட்டது.

"போன வாரம் ரெண்டு நாள் லீவு போட்டேனே, அதுக்கா சார்? இனிமே போட மாட்டேன் சார். வூட்ல இன்னும் சொல்லவே இல்ல."

கண்கள் வீங்கியிருந்தன. வேலை இல்லையென்று தெரிந்தும் யூனிஃபார்மில் வந்திருந்தாள்.

நான்தான்மா அனுப்பினேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பக்கத்து மேஜையில் மேனேஜர் வெங்கடேசன் போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தார். பிரவீன்குமார் விழுங்கிவிட்டான்.

"ஒண்ணும் இல்லம்மா, மெசேஜ் தப்பா வந்துடுச்சு. நான் பாத்துக்கிறேன், நீ லைனுக்குப் போ."

நிஜமாவா, நிஜமாவா என்று இரண்டு முறை கேட்டாள். அப்புறம் அழுதேவிட்டாள். விடிந்ததும் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாளாம். விபூதிப் பொட்டலத்தை அதே சந்து வழியாக உள்ளே தள்ளினாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அவள் போனதும் வெங்கடேசன் போனை வைத்துவிட்டு இவன் பக்கம் திரும்பினார்.

"இன்னா திமிரு பாரு! காலைல பஸ்ஸு காலியா வந்துகீது. ஒரே லைன்ல நாப்பது பேரு ஆப்சென்ட். வேற ஆளுங்கள எறக்கிட்டேன்."

பிரவீன்குமார் லேப்டாப்பைத் திறந்தான். வெள்ளிக்கிழமை சோதனைக்காகப் போட்ட பட்டியல் அப்படியே இருந்தது.

நாற்பத்தொரு பெயர்கள்.

ஏன் என்று கேட்க வந்தது சசிரேகா ஒருத்திதான்.