ஏழாவது முடிச்சு

எதையும் தேதியிட்டே குறித்துவைக்கும் பழக்கத்தால், உறவினர் அவளை 'நாள்காட்டி' என்றே கேலி செய்வர். தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மையத்திலிருந்து பீறிடும் தாரையில் புதிய ஒளிமுடிச்சு தோன்றும்போதெல்லாம் காமாக்கதிர் வெடிக்கிறது என்பது அவளது பன்னிரண்டாண்டு உழைப்பின் முடிவு. வெடிப்பு தாரையில் அல்ல, மையத்திலுள்ள கருந்துளையின் அருகிலேயே நிகழ்கிறது என்றெழுதிப் புகழ்பெற்றவன், வேறொரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் அவள் கணவன்.

ஆய்விதழுக்கு அவள் அனுப்பிய கட்டுரை, மதிப்பீட்டுக் குறிப்போடு நிராகரிக்கப்பட்டுத் திரும்பியது.

"எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் எழுதியிருக்கான், விடும்மா," என்றான் கணவன், காபியைக் கலக்கியபடி.

"பேரு போடாம எழுதுற மதிப்பீட்டாளரை எப்படிங்க திட்டுறது?"

"மொட்டைக் கடுதாசின்னு நினைச்சுத் தூக்கிப் போடு."

அவள் மதிப்பீட்டை மீண்டும் வாய்விட்டுப் படித்தாள்: "ஏழு முடிச்சுகளும் ஏழு வெடிப்புகளும் ஒத்துப்போவது தற்செயலே."

பிறகு நிமிர்ந்தாள். "நான் அனுப்பின கட்டுரையில ஆறுதாங்க இருக்கு."

அவன் கை நின்றது.

ஏழாவதை அவள் கண்டுபிடித்தது கட்டுரையை அனுப்பிய பின்னர். அன்று மாலை, இதே மேசையில், ஒருவரிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

நாட்குறிப்பைத் திறந்து இன்றைய தேதியை எழுதினாள்.

"மதிப்பீடு செஞ்சது என் வீட்டுக்காரர்தான்னு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதப்போறேன்," என்றாள் மெதுவாக.