தனித்தனியாகத்தான்

“கடன் கட்டேலாதெண்டு வங்குரோத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதப் போறியளோ, தனித்தனியவோ?” என்று கேட்டாள் கடன் ஆலோசகர் நிரூபா.

“இந்தாளோட சேர்ந்து நான் ஒண்டும் எழுத மாட்டன். அவர் தனிய எழுதட்டும்” என்றாள் டொறத்தி.

வலன்ரைன் கதிரையைப் பின்னால் தள்ளினார். “பாத்தியளே பிள்ளை? கடை திறக்கேக்க ரெண்டு பேரின்ர பேரும் வேணும். மூடேக்க நான் மட்டும்!”

“அந்தக் கடையில ஒருநாளாவது நேரத்துக்கு வந்து நிண்டனீங்களே?”

“உன்ர மூஞ்சியைப் பாத்துத்தான் சனம் வரேல்ல.”

நிரூபா குறுக்கிட்டாள். “அன்ரி, அங்கிள் மட்டும் எழுதினா, கடைக்கு எடுத்த கடன் முழுக்க உங்கட தலையிலதான் விழும்.”

“விழட்டும். முதியோர் இல்லத்தில இன்னொரு ஷிப்ட் செய்து கட்டுவன்.”

“பெருமை!” என்று உறுமினார் வலன்ரைன்.

“பெருமையோ? ரெண்டு பேரின்ர பேரும் கெட்டா, குவேக்கர்ஸ் ஹில்லில எங்களுக்கு ஆர் வாடகைக்கு வீடு தருவினம்? இந்தாள் எங்க போய்ப் படுக்கிறது, ஸ்டேஷனிலயோ?”

வலன்ரைன் பின்னால் தள்ளிய கதிரையை மெல்ல மேசைப் பக்கம் இழுத்தார்.

நிரூபா பேனையைக் கீழே வைத்தாள். இந்த அறையில் பழி போடும் குரல்களைத்தான் அவள் இதுவரை கேட்டிருக்கிறாள்.

“சரி, கணவன் மனைவி எண்டு பதியட்டே?”

“பதியேலாது, பிள்ளை.” வலன்ரைன் தலையைக் குனிந்தார். “போன வருசமே விவாகரத்து எடுத்திட்டம்.”

நிரூபா திகைத்துப்போய் டொறத்தியைப் பார்த்தாள். “அப்ப ஏன் அன்ரி, நீங்கள்...”

“அது கோட்டில. மாதா கோயில்ல எங்களை ஆர் பிரிச்சது?”

டொறத்தி கைப்பையைத் திறந்து, பிறஷர் குளிசை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“விழுங்குங்கோ. உறுமினது போதும்.”