மெஷின் தேடிப் பிடித்த ஆள்

கயிற்றுக்கு அந்தப் பக்கம், கடன் வாங்கியவர்கள் வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணின் மேல் மெங் ஷுலான் எட்டித் துப்பினாள். எச்சில் அவள் தோளில் விழுந்தது.

"எங்க காசைத் தின்னுட்டு எப்படி நிக்கிறா பாரு!"

"நான் ஒத்தக் காசு வாங்கலக்கா." அந்தப் பெண் தோளைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாக் கடன்காரியும் பாடுற பாட்டுதான். போடி!"

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தைப் போலீஸ் இரண்டாகப் பிரித்திருந்தது. இந்தப் பக்கம் பணம் கொடுத்தவர்கள், அந்தப் பக்கம் வாங்கியவர்கள், நடுவில் கயிறு. செல்போன் வழியாக ஊரான் காசை ஊரானுக்கு வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்த கம்பெனிக்குப் போன மாதம் இடி விழுந்திருந்தது. ஹாங்சோவில் அந்தக் கோடையில் கம்பெனி மூடினால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. இடி மட்டும் நாள் தவறாமல் விழுந்தது.

ஷுலான் கட்டடத்தில் செங்கல் சுமப்பவள். அவள் போட்டிருந்த அறுபதாயிரம் யுவான், புருஷனின் நுரையீரலுக்குக் கிடைத்த நஷ்டஈடு. ரயில் பாதைக்கு மலையைக் குடைந்த இடத்தில் வேலை பார்த்து, நெஞ்சு நிறையப் பாறைத்தூளோடு வீடு வந்தவன் அவன். படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலில் மண்டி போட்டு, தலையணையில் நெற்றியை வைத்துத்தான் தூங்குகிறான்.

நெஞ்சைக் கழுவிவிட ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். பணம் கட்டவேண்டிய அதே வாரத்தில்தான் இடி விழுந்தது. இப்போது இங்கே பேர் பதிந்தால், வாங்கியவர்களிடம் வசூலாக வசூலாகத் திருப்பித் தருவார்களாம்.

முன்னால் நின்ற வெல்டர் பாங் திரும்பினார். "காசு யாருக்குப் போச்சுன்னாவது தெரியுமா தங்கச்சி?"

"எனக்கென்னண்ணே தெரியும்? பேரெழுதத் தெரியும், அவ்வளவுதான். கம்பெனிப் பையன் போன்ல ஏதோ ஆட்டோ பொத்தானாம், அதை அமுக்கிவிட்டான். 'இனி நீங்க பாட்டுக்குத் தூங்குங்கக்கா, மெஷினே நல்ல ஆளாத் தேடிக் கொடுக்கும், வர்ற வட்டியையும் திருப்பி விட்டுடும்'னான்."

"நான் அதை நம்பல. கண்ணு பூத்துப்போற வரைக்கும் உக்காந்து ஒவ்வொருத்தனாப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன்."

"கொடுத்து?"

"உனக்கு ஓராள் முன்னால நிக்கிறேன். அதான் லாபம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புழுக்கத்துக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் காற்று மாதிரி இருந்தது. கம்பெனியில் சேர்ந்தபோது யார் யாருக்கு என்ன இனாம் கிடைத்தது என்று பேச்சு திரும்பியது. ஒருத்தருக்குக் குடை. ஒருத்திக்கு எண்ணெய் டின்.

"எனக்கு ரெண்டு தட்டு முட்டை!" என்றாள் ஷுலான். "சேர்ந்த அன்னிக்கு ஒரு தட்டு. அப்புறம் ஒருநாள் சந்தையில அதே கம்பெனிக்காரன் மேசை போட்டு உக்காந்திருந்தான். நான் ஏற்கெனவே சேர்ந்தவன்னு மூச்சு விடலையே! அடையாளக் கார்டை நீட்டினேன். போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு, வாயைத் திற, தலையை ஆட்டுன்னான். பல் டாக்டர்கூட என் வாயை அவ்வளவு நேரம் பார்த்ததில்ல. ஏதோ ஒரு வரி சொல்லச் சொன்னான், கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன். இன்னொரு தட்டு வந்துடுச்சு."

"இந்தக் கூட்டத்துலயே கம்பெனியை ஏமாத்தினவ நீ ஒருத்திதான்," என்றார் பாங்.

பாங் பதிந்துவிட்டு நகர, ஷுலான் மேசைக்கு வந்தாள். காலையிலிருந்து கத்திக் கத்தி அந்த இளவயசுப் போலீஸ்காரனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவள் அடையாள அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினான்.

"உங்க காசை மெஷின் துண்டு துண்டாப் போட்டிருக்குக்கா. நிறைய பேர் பொய்யாளு, தேடினாலும் கிடைக்கமாட்டாங்க. ஆனா பெரிய துண்டு, நாற்பதாயிரம், ஒரே ஆளுக்குப் போயிருக்கு."

"அந்த ஆளாவது இருக்கானா?"

"ஆள் நிஜம். முகம், குரல் ரெண்டுமே பதிவாகியிருக்கு. 'நான் வாங்கல'ன்னு கோர்ட்ல சொல்ல முடியாது."

ஷுலானுக்கு உடம்பெல்லாம் லேசானது. நாற்பதாயிரம் வந்தால் போதும். நெஞ்சைக் கழுவிவிடலாம். புருஷன் ஒரு ராத்திரியாவது காலை நீட்டிப் படுப்பான்.

"அப்போ விடாதீங்க தம்பி! கூலியைப் பிடிங்க. ரயில்ல ஏற விடாதீங்க. வீட்டுல இருக்கற சட்டி பானையைக்கூட விடாதீங்க!"

"வந்து அழுவாங்கக்கா. வீட்டுல சீக்காளி இருக்குன்னு கால்ல விழுவாங்க."

"என் வீட்டுல இல்லையா சீக்காளி? அடுத்தவன் காசை வாங்கறப்போ தெரியலையா? எந்தப் பாவி அது? மூஞ்சியைக் காட்டுங்க. நானே போய் வாசல்ல உக்காருறேன்."

அவன் படத்தைத் திறந்தான். படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அட்டையைத் திரும்ப எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தான். பிறகு அட்டையை அவள் கையில் வைத்தான்.

"அக்கா, நீங்க அந்த வரிசையில நிக்கணும்."